கே.பி.எஸ். வேடம் கட்டப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நாடகத்திலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி.சுந்தராம்பாளாக ஒன்றரை மணி நேரம் தனியாக மேடையில் நிற்கப்போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். பிரதியைப் படித்தோம். முதல் காட்சியிலேயே வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, தளர்ந்த நடை. முதலில் அதை மாற்று.

கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் அவர். கணவரும் மேடை ஜோடியுமான எஸ்.ஜி.கிட்டப்பா இறந்தது 1933 டிசம்பரில். அப்போது இந்த அம்மாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலையும் நகையில்லாத கோலமும் அதற்குப் பிறகு வந்தவை. 'அவ்வையார்' படம் 1953இல் வந்தபோதுகூட 44தான். 'திருவிளையாடல்' வழியாகவே பார்த்துப் பழகிவிட்டதால், பிறக்கும்போதே பாட்டியாகப் பிறந்தவர் என்று நினைத்துக்கொள்கிறோம். முதல் பாதிக்குக் கலர்ச் சேலை, கல் தோடு, நிமிர்ந்த தோள் வேண்டும்.

'நந்தனார்' படத்தைப் (1935) பற்றிய பகுதியில் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கப் பார்த்திருக்கிறீர்கள். சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அவர் ஏன் நந்தனாகவே நடித்தார் என்பது அதைவிட முக்கியம். கிட்டப்பா போன பிறகு, இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தவர். நாயகன் வேடத்தையே தான் எடுத்துக்கொண்டால் ஜோடிப் பேச்சுக்கே இடமில்லை. நந்தனின் பண்ணையாரான வேதியராக எதிரே நின்றவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்.

இனி குரல். உன் முழு உழைப்பும் இங்கேதான் போக வேண்டும்.

மைக் இல்லாத கொட்டகையில் வளர்ந்த குரல் அது. அந்தக் கால நாடகத்தில் தாளமில்லாமல் விருத்தம் எடுத்து, ஆளை அடக்கி உட்காரவைத்து, அப்புறம்தான் பாட்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமண'த்தில் தினைப்புனத்தில் இருவரும் பாட்டாலேயே வாதாடும் தர்க்கம் வரும்போது, வேலன் என்ன சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகை) போடுவான் என்று வள்ளிக்குத் தெரியாது. அந்த நிமிஷமே பதில் பாட வேண்டும். கிட்டப்பாவுக்கு எதிரே அதைச் செய்தவர் இவர். உன் பிரதியில் அந்தத் தர்க்கம் இரண்டு வரி! குறைந்தது ஏழு நிமிஷம் கொடு.

காலர் மைக்கை நம்பிப் பயிற்சியைத் தொடங்காதே. காலி ஹாலில் கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, மைக் இல்லாமல் பாடு. சொல்லின் கடைசி எழுத்து அவருக்குக் கேட்கிறதா என்று மட்டும் கேள். எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: உச்சத்துக்குப் போகும்போது தொண்டையை இறுக்கிக் கத்துவார்கள், ழகரமும் ளகரமும் லகரமாகக் கரைந்துவிடும். 'பழம் நீயப்பா'வை எடுத்துக்கொள். நீட்டுவதை உயிரெழுத்தில் நீட்டு. ழகரத்தில் நாக்கை வளைத்து உடனே விடு. ழகரத்தையே இழுத்தால் சுருதி இறங்கும். மூச்சைச் சொல்லுக்கு முன்னால் எடு, சொல்லை உடைத்து எடுக்காதே.

கட்டை விஷயம், அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்பது. உனக்கு 4 கட்டைதான் வசதி என்றால் அதிலேயே பாடு. 5 கட்டைக்கு ஏறி மேல் ஸ்தாயியில் கீச்சிடுவதைவிட, இறங்கிய சுருதியில் மேல் பஞ்சமம் (மேல் ஸ்தாயியின் 'ப') வரை அழுத்தமாக நிற்பது மேல். அவர் குரலைக் காப்பியடிக்க முடியாது, முயலவும் வேண்டாம்.

கடைசிப் பகுதி சோகமாக இருக்கிறது. 1969இல் வந்த 'துணைவன்' படத்துக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது வாங்கினார், அறுபதைத் தாண்டிய வயதில். 1973இல் 'காரைக்கால் அம்மையா'ரிலும் பாடி நடித்தார். 1980இல் இறக்கும்வரை கிட்டப்பாவை நினைத்து அழுதுகொண்டே இருந்தவராகக் காட்டினால் பாதிக் கணக்கு விட்டுப்போகும். அந்தப் பாட்டியின் குரலில் ஒரு கர்வம் இருந்தது, அதைப் பிடி.

கீபோர்டு வேண்டாம். நாடக ஹார்மோனியக்காரர் ஒருவரைப் பிடி. மதுரையில் தேடினால் கிடைப்பார்கள். ஒத்திகைக்கும் சேர்த்துச் சம்பளம் பேசிவிடு.