திரும்பி வரும் நேரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கோ இரண்டு தூரத்து நகரங்களுக்கு நடுவே புதிதாக நேரடி விமானம் விடுகிறார்கள் என்றால், இத்தனை ஆயிரம் கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று ஒரே வரியில் செய்தியை முடித்துவிடுகிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் வீட்டுப் பெரியவர்களை விமானம் ஏற்றுகிறோம்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை வேளைகளைத் தாளில் குறித்துக் கொடுத்தபோது, தூரத்தை 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்துத்தான் நான் கணக்குப் போட்டேன். போகும்போது சரியாக வந்தது. திரும்பும்போது ஒன்றரை மணி நேரம் கூடிவிட்டது. இறங்கியதும் சாப்பிடலாம் என்று குறித்த நேரத்துக்கு மாத்திரையைப் போட்டவர், விமானம் இன்னும் பறந்துகொண்டிருக்க, கை நடுங்கி வியர்த்துப் போயிருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்த பழச்சாறுதான் அவரைத் தெளிய வைத்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். நமக்குக் காட்டப்படும் தூரம் பெரும்பாலும் பூமி உருண்டையின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி. விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. அதைவிடப் பெரிய விஷயம் காற்று. சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக்காற்று, கிழக்கே போகிறவர்களைத் தள்ளிவிடுகிறது, மேற்கே போகிறவர்களை எதிர்த்து நிற்கிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சுமார் 5,550 கிலோமீட்டர்தான், ஆனால் அட்டவணையில் மேற்கே போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், கிழக்கே வர ஏழு. 2020 பிப்ரவரியில் ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது, புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதால்.

வான்வழி அடைபட்டாலும் இதே கதைதான். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பெல்லாம் சுமார் ஒன்பதரை மணி நேரம். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாகி அது சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன!

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதால் அதைக் கழித்துப் பார்த்தும் பயன் இல்லை. ஆக்லாந்தில் ராத்திரி கிளம்புகிறவர் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே தேதி மத்தியானம் இறங்குவார், நடுவில் தேதிக் கோடு, அதாவது தாண்டினால் தேதி ஒரு நாள் மாறும் கற்பனைக் கோடு, இருக்கிறது. ஆனால் அவர் உடம்புக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழிந்திருக்கும், மாத்திரைக்கு அந்தப் பன்னிரண்டுதான் கணக்கு.

எனவே இனி இப்படிச் செய்தி வரும்போது தூரத்தோடு நிறுத்தாமல், போக எவ்வளவு, வர எவ்வளவு என்று அட்டவணை நேரத்தைத் தனித்தனியாகப் போடுங்கள். அதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அடங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூடுதலாக இரண்டு வரி ஆகும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்