தெற்குத் தெரு அடிபம்பை மழைக்காலத்துக்கு முன் திரும்ப மாட்டித் தரக் கோரி ஐந்தாவது மனு

அனுப்புநர்:
தெற்குத் தெரு மகளிர் குழுவினர் மற்றும் தெருவாசிகள் (64 குடும்பங்கள்)

பெறுநர்:
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்) மற்றும் ஊராட்சித் தனி அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

நாள்: 08.09.2025

பொருள்: புயல் காலக் குடிநீர் – மணல்மேட்டு அடிபம்பை மீண்டும் பொருத்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் மனுக்கள், நாள் 27.11.2023, 15.08.2024 (கிராம சபை), 02.12.2024, 21.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட நான்கு மனுக்களுக்கும் எங்களிடம் ரசீது இருக்கிறது. பதில் இல்லை. இது ஐந்தாவது. தாங்கள் இந்தப் பகுதிக்குப் புதியவர் அல்ல என்பதால் இடத்தை விளக்க வேண்டியதில்லை. போன மாசி மாதம் பால்வாடிக் கட்டடத்தைப் பார்க்க வந்தபோது ஜீப்பை நிறுத்தினீர்களே, அந்தப் புளியமரத்துக்குப் பின்னால் இருப்பதுதான் மணல்மேடு. அங்கே சிமெண்டு மேடை மட்டும் தனியாக நிற்கும். அதன் மேல் இருந்த பம்பைத்தான் கேட்கிறோம்.

1. புயல் என்றால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். ஐப்பசி பிறந்ததுமே கூரைக்கு மேல் நைலான் கயிறு போட்டு நாலு மூலையிலும் முளையடித்துக் கட்டிவிடுவோம். வீட்டை ஒட்டிய தென்னையில் காய்ந்த மட்டையையும் குலையையும் இறக்கிவிடுவோம். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, குழுப் புத்தகம் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசி டின்னுக்குள் போய்விடும். அவல், பொட்டுக்கடலை, கருவாடு, தீப்பெட்டி, டார்ச்சுக்கு செல் எல்லாம் தனியாக இருக்கும். காற்று சத்தம் மாறினால் ஆட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். 1077 என்ற பேரிடர் உதவி எண்ணும் மனப்பாடம். எங்களால் செய்ய முடியாதது ஒன்றே ஒன்று, தண்ணீர்.

2. கஜா புயல் தங்களுக்குத் தெரியாததல்ல. 16.11.2018 விடியற்காலை அது கரையேறியபோது எங்கள் தெருவில் நின்ற மின்கம்பங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாநிலம் முழுக்க லட்சத்துக்கு மேல் கம்பங்கள் சாய்ந்த சமயம் அது. வெளி மாவட்டத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆட்கள் வந்து இரவும் பகலும் கம்பம் நட்டார்கள், அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் தெருவுக்குக் கரண்டு வர 22 நாள் ஆனது. கரண்டு இல்லையென்றால் மோட்டார் இல்லை, மேல்நிலைத் தொட்டி காலி. கொள்ளிடம் ஆற்றிலிருந்து குழாயில் வரும் குடிநீரும் வரவில்லை.

முதல் இரண்டு நாள் இளநீர் குடித்தோம். சாய்ந்து கிடந்த எங்கள் மரங்களிலிருந்தே வெட்டிக் குடித்தோம் ஐயா. பதினைந்து வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த மரத்தின் கடைசிக் குலையைச் சீவிக் குடிப்பது எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அண்டாவும் ட்ரம்மும் தீர்ந்தன. மிச்சம் இருந்ததில் ஓட்டுத் துண்டும் சருகும் விழுந்து நாறிப்போயிருந்தது. கிழக்கே இருக்கும் கிணறுகளில் கடல் தண்ணீர் ஏறி வாயில் வைக்க முடியாமல் கரித்தது. இதை எழுதுகிற என் வீட்டில் மருமகள் பிள்ளை பெற்று அப்போது பதினோரு நாள். பச்சை உடம்புக்காரி குளிக்க, துணி அலச, பிள்ளையின் துணி அலச, காய்ச்சிக் குடிக்க எல்லாவற்றுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை குடம் வேண்டும் என்று வீட்டில் இருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். கையில் வைத்த இரண்டு குடத்தில் எதற்கு ஊற்றுவது, எதை நிறுத்துவது? வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் அந்த நாட்களில் என்ன செய்தார்கள் என்பதை மனுவில் எழுத முடியாது.

அப்போது எங்களைக் காப்பாற்றியது மணல்மேட்டு அடிபம்பு. நாலு பக்கமும் உப்புத் தண்ணீர் இருக்கிற ஊரில் அந்த மேட்டில் மட்டும் இருபது அடியில் நல்ல தண்ணீர் ஊறும். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி உப்புக்கு மேலே தேங்கி நிற்பதால் அப்படி என்று பள்ளிக்கூட சார் சொல்வார். 1977 புயலிலும் அங்கேதான் கையால் ஊற்றுத் தோண்டிக் குடித்தோம் என்று என் மாமியார் சொல்வார். கஜாவில் எங்கள் தெரு மட்டுமல்ல, மேலத்தெருவும் காலனியும் அங்கேதான் வந்து நின்றன. வீட்டுக்கு ஐந்து குடம் என்று குழுவே டோக்கன் போட்டது. இரவு இரண்டு மணிக்கும் அடித்தோம். 22 நாள் அந்தப் பம்பு ஒரு நாளும் நிற்கவில்லை. கரண்டு கேட்கவில்லை, டீசல் கேட்கவில்லை, கை மட்டும்தான் கேட்டது.

3. 2022 பங்குனியில் பேவர் பிளாக் ரோடு போட வந்தவர்கள் பம்பின் தலையைக் கழற்றினார்கள். பத்து நாளில் மாட்டித் தருகிறோம் என்றார்கள். ரோடு முடிந்தது. குழாய் வாயில் சாக்கைத் திணித்து மேலே சிமெண்டு பூசிவிட்டுப் போனார்கள். மூன்று வருடம் தாண்டிவிட்டது.

4. அதற்குப் பதிலாகத் தெருமுனையில் சின்டெக்ஸ் தொட்டி வைத்து மோட்டார் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு குழாயும் வந்துவிட்டது. நல்லதுதான், நன்றி. ஆனால் இரண்டுமே கரண்டில் ஓடுபவை. கரண்டு போனால் வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு, கரண்டு இருந்தால் ஓடுவதைக் கொடுத்தால் எப்படி?

5. போன வருடம் ஃபெங்கல் புயல் நம் பக்கம் கரையேறவே இல்லை, வடக்கே புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. அதன் மழைக்கே இரண்டு நாள் கரண்டு இல்லை. பக்கத்து ஊரிலிருந்து ஜெனரேட்டர் வண்டி பிடித்து, வீட்டுக்கு 50 ரூபாய் வசூல் செய்து தொட்டி நிரப்பினோம். மரம் விழுந்து உடைந்த குழாய் வழியாக முக்கால்வாசியும் வாய்க்காலில் ஓடியது. காசும் போனது தண்ணீரும் போனது.

6. மழைக்காலம் வந்தால் ஒட்டப்படும் நோட்டீசில் "போதுமான குடிநீரைச் சேமித்து வைத்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி இருக்கும். போதுமான என்றால் எத்தனை நாளைக்கு ஐயா? ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கணக்குப் போட்டாலும் ஒரு நாளைக்கு மூன்று குடம். குளியல் இல்லை, கக்கூஸ் இல்லை, துணி இல்லை. 22 நாளைக்கு 66 குடம். எங்கள் வீடு இரண்டு பத்தி ஓட்டு வீடு. 66 குடத்தை வைத்தால் நாங்கள் எங்கே உட்காருவது? நோட்டீஸ் எழுதியவர் வீட்டில் எங்கே வைப்பார் என்று தெரிந்தால் நாங்களும் அப்படியே வைத்துக்கொள்கிறோம்.

இதற்கு மேல் எண் போட்டு எழுத மனம் வரவில்லை. முன்பெல்லாம் அலுவலகத்தில் கேட்டால் தலைவரிடம் போங்கள் என்பார்கள், தலைவரிடம் கேட்டால் அலுவலகத்தில் ஃபைல் இருக்கிறது என்பார். இந்த ஜனவரி 5-ந் தேதியோடு தலைவர் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. இப்போது ஊராட்சிக்குத் தலைவரும் தாங்கள்தான், அலுவலரும் தாங்கள்தான். வேறு யாரிடம் போகச் சொல்வீர்கள்? ஒவ்வொரு மனு நாளுக்கும் இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். கடைசியாக ஆடியில் வந்தபோது, "குழாய் இருக்கிற தெருவுக்கு எதுக்கும்மா அடிபம்பு" என்று கவுண்டரில் சிரித்தார்கள். கஜா இரவில் அவர்கள் எந்த ஊரில் இருந்தார்களோ தெரியாது.

கோபமாக எழுதிவிட்டோம் என்றால் தாங்கள் மன்னிக்க வேண்டும். புதுத் திட்டம் கேட்கவில்லை, பெரிய நிதி கேட்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை, கழற்றிய இடத்திலேயே திரும்ப மாட்டித் தரும்படி மீண்டும் பணிவோடு கேட்கிறோம். முடிந்தால் மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு ஜெனரேட்டரும் கொடுங்கள். முடியாவிட்டால் அது அப்புறம். பம்பு மட்டும் இப்போதே வேண்டும். இது ஆவணி, புரட்டாசி போனால் ஐப்பசி வந்துவிடும்.

கழற்றிய பம்புத் தலை எங்கேயும் போய்விடவில்லை. ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால், பழைய குப்பை வண்டிக்கு அடியில் கிடக்கிறது. போன வாரம்தான் நாங்கள் நான்கு பேர் போய்ப் பார்த்தோம். துரு ஏறியிருக்கிறது, ஆனால் உடையவில்லை. கைப்பிடி மட்டும் காணோம். கைப்பிடிக்கும் வாசருக்கும் வேண்டிய காசைக் குழுவிலிருந்து நாங்களே போட்டுக்கொள்கிறோம். சிமெண்டை உடைத்து மாட்ட ஒரு ஃபிட்டரை மட்டும் அனுப்பி வையுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தெற்குத் தெரு மகளிர் குழுவினர் மற்றும் தெருவாசிகள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கம்)

இணைப்பு: நான்கு மனு ரசீதுகளின் நகல்.