பழைய பொருளை விற்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வீடு மாறுகிறீர்கள், அல்லது புதிதாக ஒன்று வாங்கிவிட்டீர்கள். பழைய வாஷிங் மெஷினையோ லேப்டாப்பையோ நாலு போட்டோ எடுத்து, "நல்ல கண்டிஷன்" என்று இரண்டு வார்த்தை எழுதி விற்கப் போகிறீர்கள். அந்த இரண்டு வார்த்தையைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் வாங்குகிற பக்கத்தில் இருப்பவள். என் வீட்டுக் கட்டில், மேசை, புத்தக அலமாரி, தையல் மெஷின் எல்லாமே இன்னொருவர் வீட்டில் இருந்து வந்தவை. புதுசு வாங்கியிருந்தால் இதில் பாதிகூடச் சேர்த்திருக்க முடியாது. என்னைப் போன்றவர்கள் உங்கள் வாசலுக்கு வரும்போது கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒருமுறை வாங்குவதற்கான காசு. வாங்கிய பொருள் ஒரு மாதத்தில் படுத்துவிட்டால் மிச்சம் பிடித்த காசு போவதோடு நிற்காது. கடன் வாங்கி இன்னொன்று வாங்க வேண்டிவரும். செகண்ட் ஹேண்டில் எனக்குக் காசு மிச்சமா நஷ்டமா என்பதில் பாதி, நீங்கள் வாய் திறந்து சொல்வதில் இருக்கிறது.

வாஷிங் மெஷின் வாங்கிய கதையைச் சொல்கிறேன். முன்பக்கம் கதவு வைத்தது. விற்ற அம்மா அதை என் கண்ணெதிரே ஓட விட்டார். பிழிவதற்காக டிரம் வேகமெடுத்ததும் உள்ளே ஓர் உறுமல். "கேக்குதாம்மா? பேரிங் தேய ஆரம்பிச்சிருக்கு. ஒரு வருஷம் ஓடும்னு மெக்கானிக் சொன்னார், அதான் விலையைக் குறைச்சுப் போட்டிருக்கேன்" என்றார். பிறகு அலமாரியில் இருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே நாலு நீளமான போல்ட். இந்த மாதிரி மெஷினில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. வண்டியில் ஏற்றும்போது பின்பக்கம் அந்தப் போல்ட்டுகளைப் போட்டு டிரம்மை இறுக்காவிட்டால், வழியெல்லாம் அது ஆடி இடித்து உள்ளே சேதமாகும். வீட்டில் இறக்கியதும் மறக்காமல் கழற்ற வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் மெஷின் குதிக்கும். புதுசாக வந்த அன்று கழற்றிய போல்ட்டை அத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தார் அந்த அம்மா. மெக்கானிக் சொன்னபடியே ஒரு வருஷம் கழித்து பேரிங் மாற்றினேன். அந்தச் செலவையும் சேர்த்தால்கூட புது மெஷின் விலையில் பாதி வரவில்லை. குறையைச் சொன்னதால்தான் நான் அதை வாங்கினேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

இன்னொரு முறை ஒரு போன். பார்க்கப் புதுசு போலவே இருந்தது. எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் பழைய உரிமையாளரின் கணக்கும் பாஸ்வேர்டும் கேட்கிறது. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. ஐபோனில் 2013 முதலும், ஆண்ட்ராய்டில் 5.1 பதிப்பு வந்த 2015 முதலும் இருக்கிறது. விற்றவரைக் கூப்பிட்டேன். ஒருமுறை எடுத்தார், "பார்க்கிறேன்" என்றார், பிறகு எடுக்கவே இல்லை. ஏமாற்ற நினைத்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் செய்ய வேண்டியிருந்தது ஐந்து நிமிட வேலை: முதலில் செட்டிங்ஸில் போய்க் கணக்கை நீக்கிவிட்டு, அங்கிருந்தே ரீசெட் செய்வது. விற்பதற்கு முன் தயவுசெய்து இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

குறையைச் சொன்னால் விலை போகாது என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லோரும் மறைத்தால் என்ன ஆகும் என்பதை ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார்களை வைத்தே விளக்கினார். எது நல்ல கார், எது ஓட்டைக் கார் என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லாக் காருக்கும் நடுத்தரமான ஒரு விலைதான் கேட்பார். நல்ல காரை வைத்திருப்பவர் இந்த விலைக்குக் கொடுப்பானேன் என்று விலகிக்கொள்வார். மிஞ்சுவது ஓட்டைக் கார்கள். விலை இன்னும் இறங்கும். இந்த ஆய்வுக்காகவும் 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நீங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த நல்ல பொருளை நான் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறேன் என்றால், எனக்கு முன்பு யாரோ ஒருவர் என் தலையில் எதையோ கட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

அதனால் எழுதுங்கள், கொஞ்சம் கூடுதலாகவே. எந்த வருஷம் வாங்கியது, எதைப் பழுதுபார்த்தது, எது இப்போது தகராறு செய்கிறது. லேப்டாப் என்றால் சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று சொல்லுங்கள், பேட்டரி தேய்வது உங்கள் குற்றம் இல்லை. மரச்சாமான் என்றால் அடியில் மாவு போல ஏதாவது உதிர்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். உதிர்ந்தால் அதில் பூச்சி உயிரோடு இருக்கலாம், என் வீட்டு மற்ற மரச்சாமான்களுக்கும் பரவலாம். பில், சாவி, சார்ஜர் மூன்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். நான் வரும்போது பிளக்கில் மாட்டி ஓட்டிக் காட்டுங்கள். இதெல்லாம் சின்ன வேலைதான்.

இரண்டை மட்டும் விற்கவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்: விபத்தில் அடிபட்ட ஹெல்மெட், விபத்துக்குள்ளான காரில் இருந்த குழந்தை இருக்கை. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரை, அடியைத் தான் வாங்கிக்கொண்டு நசுங்குவதற்காகவே வைத்தது. ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். காசு மிச்சம் பிடிக்க நினைத்த யாரோ ஒரு அம்மா அதை நம்பித் தன் பிள்ளைக்கு மாட்டிவிடுவாள்.

என்னிடமும் ஒரு மேசை மின்விசிறி இருக்கிறது, அடுத்த வாரம் கொடுத்துவிடப் போகிறேன். மூன்றாம் வேகத்தில் வைத்தால் கடகடவென்று சத்தம் போடும், கழுத்து திரும்பாது, முதல் இரண்டு வேகத்தில் அருமையாக ஓடும். விற்பனைக் குறிப்பின் முதல் வரியாக இதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசலுக்கு வரப்போகும் ஒருத்தி