உன் கதை வந்த பத்திரிகை கிடைத்தது

மகளே,

உன் பாட்டி பேபேயை வைத்து நீ எழுதிய பிரிவினைக் கதை வந்த பத்திரிகை போன மாதமே வந்துவிட்டது, இரண்டு பிரதி. ஒன்றை மாஸ்டர்ஜி வாங்கிப்போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு நாலு பேருக்கு வாசித்துக் காட்டினாராம். கனடா போய்ப் பதினோரு வருஷமாகியும் பஞ்சாபி குர்முகி எழுத்தில் ஒரு பிழை இல்லை என்றார். எனக்குப் பெருமைதான். கதை எழுத நேரம் கிடைக்கிற பிள்ளைக்கு நாலு மாசமாக அப்பாவுக்கு ஒரு போன் போட நேரமில்லை. சரி, இருக்கட்டும்.

இது புத்தகமாக வரப்போகிறது என்று உன் தம்பி சொன்னான். அப்படியானால் ஊர்ப் பெயரை மாற்றிவிடு. எல்லையோரத் தேரா பாபா நானக்கும் ராவி ஆறும் கதையில் இருந்தால் போதும், எந்த ஊர், எந்த வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஏதாவது இல்லாத ஊராகப் போடு.

தந்தூரைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து பேசுகிற இடம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட்டதாக எழுதிவிட்டாய். பேபே சொன்னது வேறு. முஸ்லிம்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நம் சீக்கியர்கள் போவார்கள், ஆடுவார்கள், சாப்பிட மாட்டார்கள். அரிசி, நெய், சர்க்கரை எல்லாம் சமைக்காமல் நம் வீட்டுக்கு வந்துவிடும். சூஃபி ஞானி பாபா ஃபரீதின் பாட்டை குருத்வாராவில் பாடுவோம், அவர் மார்க்கத்தார் கை பட்ட தண்ணீரைத் தொட மாட்டோம். இதைக் கதைக்காரர்கள் லேசில் எழுதுவதில்லை.

அப்புறம் பிரிவினைக் கலவரத்தில் வெட்ட வந்த அந்தக் கும்பல். நான் படித்த கதைகளில் பெரும்பாலும் கும்பல் வெளியூரிலிருந்துதான் வரும், உள்ளூர்க்காரர்கள் கைகூப்பித் தடுப்பார்கள். நீயும் அப்படியே எழுதியிருக்கிறாய். மாஸ்டர்ஜி வாசித்தபோது, ஆமாம், வெளியூர்க்காரன்கள்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்களாம். அந்த நாலு பேரில் இரண்டு பேருடைய அப்பாக்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், பெயரை மாற்று.

முஸ்லிம்களான உன் பேபேயின் வீட்டார் ஏன் முன்னாலேயே ஆற்றைக் கடக்கவில்லை என்று கேட்டிருந்தாய். நம் குர்தாஸ்பூர் மாவட்டம் பாகிஸ்தானுக்குத்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1947 ஆகஸ்ட் 14 முதல் மூன்று நாள் இங்கே அந்தக் கொடிதான் பறந்தது. 17ஆம் தேதி எல்லைக் கோடு வெளியானபோது ஷக்கர்கட் தாலுகா மட்டும் அந்தப் பக்கம், மற்றதெல்லாம் இந்தப் பக்கம். மார்ச்சில் ராவல்பிண்டிப் பக்கம் நம்மவர்களுக்கு நடந்ததை அகதிகள் வந்து சொல்லிச் சொல்லி ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். நியாயம் சொல்வதற்காக எழுதவில்லை.

உன் தாதாஜி, என் அப்பா, பேபேயைத் தீவன அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறாய். ஒளித்துவைத்தது நிஜம். கும்பலிடமிருந்து இல்லை, போலீஸிடமிருந்து. அது 1949இல், சட்டம் போட்டு, கடத்தப்பட்ட பெண்களைத் தேடித் திருப்பி அனுப்பிய காலம். உன் அத்தை பெரிய புவா அப்போது அவள் வயிற்றில். ஜீப் சத்தம் கேட்டால் தாதாஜி அவளைக் கோதுமை வைக்கோலுக்குள் உட்காரவைத்து மேலேயும் அள்ளிப் போடுவாராம். கடைசிவரை தீவன அறைக்குள் அவள் நுழைந்து நான் பார்த்ததில்லை, தூசி ஒத்துக்கொள்ளாது என்பாள். அவளுடைய அப்பாவையும் இரண்டு அண்ணன்களையும் கரும்புக்காட்டோரம் வெட்டிய கூட்டத்தில் தாதாஜி இருந்தார். அது 1947, அவளுக்குப் பதினாலு வயது. ஆறு வயதுத் தம்பி மட்டும் யாரோடோ ஆற்றைக் கடந்துவிட்டான்.

அவளுடைய அந்தத் தம்பியை, பிரிவினையில் பிரிந்தவர்களைத் தேடுகிற யூடியூப் பையன்கள் கண்டுபிடித்தது உனக்குத் தெரியும். போனில் அவர் அவளுடைய பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவள் சட்டென்று என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள், திருடும்போது மாட்டிக்கொண்ட மாதிரி. 2019 நவம்பரில் எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள கர்தார்பூர் குருத்வாராவுக்குப் பாதை திறந்தது. நாலரை கிலோமீட்டர்தான், விசாகூட வேண்டாம், காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம். பாஸ்போர்ட் ஜனவரியில் வந்தது. மூடுபனி குறையட்டும் என்றேன். அப்புறம் கோதுமை அறுப்பு முடியட்டும் என்றேன். மார்ச்சில் கொரோனா என்று பாதையை மூடினார்கள், மறுபடி திறந்தபோது 2021 நவம்பர். அவள் போய்ப் பத்து மாசம்.

பனியும் இல்லை, கோதுமையும் இல்லை. எனக்கு தாதாஜியின் முகம். ஊரில் எல்லோரும் அப்படியே உரித்துவைத்த மாதிரி என்பார்கள். கரும்புக்காட்டில் அந்த முகத்தைப் பார்த்த பையன் எழுபத்தெட்டு வயசில் குருத்வாரா வாசலில் நின்றுகொண்டு மறுபடி அதைப் பார்ப்பானே என்று பயந்தேன். உன் தம்பியோடு அவளை அனுப்பியிருக்கலாம். அதுகூட அப்போது தோன்றவில்லை, தோன்ற விடவில்லை.

ஆகஸ்ட்டில் ராவி உடைத்துக்கொண்டு வந்ததில் நெல் போய்விட்டது, மண்ணை வாரிவிட்டுக் கோதுமை விதைத்திருக்கிறோம். என் முட்டிவலி அப்படியேதான். பாதையை 2025 மே மாசத்தில் மறுபடி மூடிவிட்டார்கள்.

அவளுடைய பாஸ்போர்ட் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, ஒரு முத்திரை இல்லை. படம் வேண்டுமானால் உன் தம்பியை அனுப்பச் சொல்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும்... சரி, உன் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். உங்களுக்கு அது சனிக்கிழமை ராத்திரி. தூங்கப் போகும் முன்னால் கூப்பிடு.

அப்பா