ஒருவர் மட்டுமே பார்க்கக்கூடிய பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகத்தைப் புதைத்து முப்பரிமாணத்தில் ஆடும் தன் பழைய கருவியான விர்ச்சுவல் பாயின் விளையாட்டுகளை இன்றைய ஸ்விட்ச் கருவிக்குக் கொண்டுவரப்போவதாக ஜப்பானிய வீடியோ விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோ 2025 செப்டம்பரில் அறிவித்ததை ஒட்டி, சென்ற இதழில் ‘மண்ணைக் கவ்விய மின்னணுச் சாதனங்கள்’ என்ற கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படிக்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் விர்ச்சுவல் பாய்க்கு ஒதுக்கிய அந்த அரைப் பக்கத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரணிலிருந்து என் பெட்டியை இறக்கித் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் ஆசிரியராகச் சேருவதற்கு முன் சில வருடம் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். 1998இல் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில், கிழிந்த பைகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் நடுவே, இரண்டு கால் நிலையில் சிவப்பும் கறுப்புமாக உட்கார்ந்திருந்தது இது. நாலு விளையாட்டுக் கேசட்டோடு சேர்த்து அள்ளிக்கொண்டு வந்தேன்.

‘சிவப்பு நிறத்தை மட்டும் காட்டியது நிறுவனத்தின் விபரீத ரசனை’ என்று உங்கள் கட்டுரையாளர் எழுதுகிறார். ரசனையே இல்லை, சுத்தமான கணக்கு. உள்ளே திரை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கண்ணுக்கும் 224 சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் ஒரே ஒரு வரிசையாக நிற்கின்றன. அதற்கு எதிரே ஒரு சின்னக் கண்ணாடி நொடிக்கு 50 தடவை ஆடுகிறது. ஆடுகிற கண்ணாடியில் அந்த ஒற்றை வரிசை இடம் மாறி மாறித் தெரிய, நம் கண் அதை 384 வரிசைகள் உள்ள முழுப் படமாகக் கோத்துக்கொள்கிறது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தெரியுமே, அதே வித்தைதான். வகுப்பில் இதை விளக்க நான் கரும்பலகையைத் தொட்டதே இல்லை, ஒரு ஊதுபத்தி போதும்.

சரி, ஏன் சிவப்பு? அன்று மலிவாகக் கிடைத்ததும் மின்சாரத்தைக் குறைவாகக் குடித்ததும் சிவப்பு எல்.இ.டி.தான். பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஷூஜி நகமுரா செய்து காட்டியதே 1993இல். அதற்கு 2014இல் அவரும் அகசாகியும் அமானோவும் நோபல் பரிசு பெற்றார்கள். விர்ச்சுவல் பாய் ஜப்பானில் கடைக்கு வந்தது 1995 ஜூலை 21, விலை 15,000 யென். முழு வண்ணத்தில் செய்திருந்தால் அந்த விலைக்கு அட்டைப்பெட்டியை மட்டும்தான் கொடுத்திருக்க முடியும்.

இதை வடிவமைத்த குன்பெய் யோகோயைப் பற்றிக் கட்டுரையில் ஒரே ஒரு வரி, அதுவும் தவறான தொனியில். நிண்டெண்டோ ஹனஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டு அச்சடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1965இல், அந்த இயந்திரங்களைப் பராமரிக்கச் சேர்ந்தவர் அவர். பொழுதுபோகாமல் அவர் செய்து வைத்திருந்த நீளும் கை ஒன்றைப் பார்த்த முதலாளி யமாவுச்சி, அதை விற்பனைக்குக் கொண்டுவரச் சொன்னார். ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ரயிலில் ஒருவர் கால்குலேட்டரைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததில் பிறந்தது 1980இன் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி. இன்று பெரும்பாலான விளையாட்டுக் கருவிகளில் இடது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறதே சிலுவைப் பொத்தான், அதுவும் அவருடையதுதான்.

பழகி முற்றிய, விலை இறங்கிய தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் யோசிக்காத பக்கம் திருப்பிப் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. நல்ல ஆசாரி பச்சை மரத்தில் கதவு செய்ய மாட்டார் அல்லவா, அதுபோல. 1989இல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவி கேம் பாய் வந்தபோது அதில் வண்ணம் இல்லை, பாசி நிறத் திரைதான். போட்டிக்கு வந்த சேகா நிறுவனத்தின் கேம் கியரில் வண்ணமும் உண்டு, திரைக்குப் பின்னால் விளக்கும் உண்டு. ஆனால் ஆறு பேட்டரியை நாலைந்து மணி நேரத்தில் காலி செய்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வந்த வண்ண வடிவத்தையும் சேர்த்து கேம் பாய் 11 கோடிக்கு மேல் விற்றது. விர்ச்சுவல் பாய் சுமார் 7,70,000.

அதனால்தான் ‘காலத்தை முந்திப் பிறந்த கருவி’ என்ற உங்கள் வரியையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த எல்.இ.டி. 1962இல் வந்த சரக்கு. கேம் பாயை ஜெயிக்க வைத்த அதே சிக்கனப் புத்திதான் இதையும் செய்தது. பிறகு ஒன்று ஜெயித்து ஒன்று ஏன் தோற்றது?

என் பதிலை நான் கண்டுபிடித்தது கும்பகோணத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில். ஊருக்கு எடுத்து வந்த அன்று அக்கா பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுமாக ஏழு பேர் சுற்றி நின்றார்கள். ஒருவன் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மற்ற ஆறு பேரும் “என்னடா தெரியுது, என்னடா தெரியுது” என்று அவன் முதுகைச் சுரண்டினார்கள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. “சிவப்பா... உள்ள தூரமா இருக்கு” என்றான். பத்து நிமிஷத்தில் ஆறு பேரும் வாசலுக்குக் கோலி ஆடப் போய்விட்டார்கள். கடைசியாக எட்டிப் பார்த்த அக்கா, “கழுத்துதான் வலிக்குது தம்பி” என்று எழுந்துவிட்டார்.

திருவிழாவில் வரும் பயாஸ்கோப் பெட்டிக்கும் துளைதான் உண்டு. ஆனால் மூன்று நான்கு துளை இருக்கும், பக்கத்தில் நின்று பாட்டுப் பாடி ஆளை இழுக்க ஒருவர் இருப்பார். நிண்டெண்டோ ஒரே ஆளுக்குப் பெட்டி செய்தது, பாடுவதற்கும் ஆள் வைக்கவில்லை. வைத்தாலும் என்ன பாடியிருப்பார்? முப்பரிமாணத்தைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்ட முடியாது, பத்திரிகைப் படத்திலும் காட்ட முடியாது. அமெரிக்காவில் வீடியோ கடைகள் வழியாக வாடகைக்கு விட்டுப் பார்த்தார்கள். வாடகைக்கு எடுத்தவர்கள் ஒரு ராத்திரி ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தலையில் மாட்டிக்கொள்வதாகத் தொடங்கிய யோசனை கடைசியில் மேசைமேல் இரண்டு காலில் வந்து நின்றது. சட்டைப் பையில் போகாது, தொலைக்காட்சியோடும் சேராது. பொருள் கெடுதல் செய்தால் தயாரித்தவரே பொறுப்பு என்னும் சட்டம் ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது அதே 1995 ஜூலை 1ஆம் தேதி. மூன்றே வாரத்தில் கடைக்கு வந்த இந்தப் பெட்டியோடு கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், ஏழு வயதுக்குக் கீழே வேண்டாம் என்று எச்சரிக்கைகளும் வந்தன. கால் மணிக்கொரு முறை விளையாட்டைத் தானாக நிறுத்தும் வசதிகூட உள்ளே உண்டு. இத்தனையும் படித்த பிறகு எந்த அப்பா வாங்கிக் கொடுப்பார்? ஜப்பானில் அந்த டிசம்பரோடு புதிய விளையாட்டுகள் நின்றன, அமெரிக்காவில் 1996 மார்ச்சோடு. இரண்டு நாட்டிலும் சேர்த்து மொத்தம் 22 விளையாட்டுகள்தான்.

அதில் வாரியோ லேண்ட் ஒன்றுக்காகவே இந்தப் பெட்டியை வைத்திருக்கலாம் என்பேன். முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் வாரியோ ஒரு துள்ளலில் எங்கோ பின்னால், கை எட்டாத தூரத்துக்குப் போய் அங்கிருந்து நடந்து வருவான். சுற்றிலும் கறுப்பு. சாதாரணத் திரையின் சாம்பல் கறுப்பு அல்ல, விளக்கே எரியாத இடத்தின் கறுப்பு, அதற்கு ஓரம் கிடையாது. யோகோய் விரும்பியதும் அந்த எல்லையில்லாத இருட்டைத்தான். ஆனால் கூடவே வந்த டென்னிஸ் கேசட்டை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டும் ஆடலாம். அங்கே யோகோய் பக்கம் என்னால் வாதாட முடியாது.

‘தோல்விக்குப் பிறகு துரத்தப்பட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நிண்டெண்டோவை விட்டது 1996 ஆகஸ்டில், மெலிந்த புது கேம் பாயான ‘கேம் பாய் பாக்கெட்’டைக் கரை சேர்த்த பிறகு. உடனே கியோட்டோவில் கோட்டோ என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். மறு வருடம் அக்டோபர் 4ஆம் தேதி சாலை விபத்தில் இறந்தார், வயது 56. அவர் கை வைத்த வொண்டர்ஸ்வான் 1999இல் பண்டாய் நிறுவனத்தின் பெயரில் வந்தது. ஒற்றைப் பேட்டரியில் ஓடும் கருவி அது. அதற்கு வந்த புதிர் விளையாட்டு ஒன்றுக்கு ‘குன்பே’ என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

திருத்தம் போடுவதாக இருந்தால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையோடு வந்த படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. அந்த இரண்டும் கொம்பு அல்ல, கால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்,
கும்பகோணம்.