நொதி உணரியை எண்ணூர் நீரில் சோதித்த பிறகு பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நச்சுப்பொருள்களை நொதியின் (என்சைம்) உதவியால் கண்டறியும் சிறு கருவிகளான நொதி உணரிகள் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1962-இல் கிளார்க்கும் லயன்சும் முன்வைத்த நொதி மின்முனை, இன்று சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் ஸ்ட்ரிப்பாக வளர்ந்த கதை அதில் தெளிவாக இருந்தது. ஆனால், எண்ணூர் கழிமுகத்தில் இத்தகைய உணரிகளை வைத்துவிட்டால் ஆய்வகப் பரிசோதனையே வேண்டாம் என்ற தொனியில் கட்டுரை முடிந்திருப்பதை, திருவொற்றியூரில் வசிப்பவனும் நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுமாகிய என்னால் ஏற்க இயலவில்லை.

சுத்திகரிப்பு ஆலையும் பெட்ரோ வேதி ஆலைகளும் உள்ள மணலிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு ஃபீனால் அந்நியமான நச்சு அன்று. குடிநீரில் ஃபீனால் சேர்மங்களின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்று இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. ஃபீனாலை அளக்கும் உணரியின் மின்முனையில், பெரும்பாலும் காளானிலிருந்து பிரித்தெடுத்த டைரோசினேஸ் என்ற நொதியைப் படிய வைத்திருப்பார்கள். நறுக்கிய வாழைக்காய் கறுத்துப்போவதும் இந்த இனத்து நொதியால்தான். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கொண்டு அது ஃபீனாலைக் குயினோன் என்ற வேறொரு சேர்மமாக மாற்றுகிறது. அந்தக் குயினோன் மின்முனையிலிருந்து எலக்ட்ரான்களைப் பெறும்போது ஓடும் மின்னோட்டத்தை வைத்து ஃபீனாலின் அளவைக் கணக்கிடுகிறோம்.

ஆய்வகத்தில் தயாரித்த கரைசலில் இது அழகாக வேலை செய்யும். கழிமுக நீரோ கடல் ஓதம் ஏறும்போது ஓர் அளவு உப்பும் வற்றும்போது வேறோர் அளவு உப்பும் கொண்டது. கழிவுநீரும் அதில் கலக்கிறது. குளோரைடு அயனிகளும், சாக்கடை நீரில் உண்டாகும் சல்ஃபைடும் இந்த நொதி வேலை செய்யும் இடமான தாமிர மையத்தைப் பற்றிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைக்கக்கூடியவை. நொதி மந்தமானால் மின்னோட்டம் குறையும். ஃபீனால் இருந்தும், அது இல்லை என்று கருவி காட்டும். பூச்சிக்கொல்லிகளைக் கண்டறிய அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற வேறொரு நொதியை வைத்துச் செய்யும் உணரியில் நிலைமை நேர் எதிர். பூச்சிக்கொல்லி அந்த நொதியை முடக்கும்; மின்னோட்டம் குறைவதே அங்கு நச்சுக்கு அடையாளம் என்பதால், வேறு எது நொதியைக் கெடுத்தாலும் எச்சரிக்கைதான் வரும். வீண் எச்சரிக்கையால் ஒருநாள் மீன்பிடி கெடலாம். பொய்யான நற்சான்றை நம்பினால், அந்த நீரில் இடுப்பளவு இறங்கிக் கையால் இறால் தடவுபவர்களின் உடம்பு கெடும். கட்டுரை இவ்விரு வகை உணரிகளையும் ஒன்றாகவே பாவித்ததுதான் என் முக்கியமான ஆட்சேபம்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. ஒருமுறை அளந்த அதே நீரில் தெரிந்த அளவு ஃபீனாலைச் சேர்த்து மீண்டும் அளக்க வேண்டும். சேர்த்த அளவுக்கு ஏற்ப மின்னோட்டம் உயராவிட்டால், நீரே நொதியை அமுக்குகிறது என்று பொருள்; அந்த அளவீட்டை ஏற்காமல் ஒதுக்கிவிட வேண்டும். ஆய்வக முடிவோடு எண்ணுக்கு எண் ஒத்துப்போக வேண்டும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. நாங்கள் வழக்கமாகச் செய்யும் 4-அமினோஆன்டிபைரின் நிறமுறை (அந்த வேதிப்பொருளைச் சேர்த்து, தோன்றும் நிறத்தை அளப்பது) பாரா-கிரெசால் என்ற ஃபீனால் வகைச் சேர்மத்தைக் காணாது. டைரோசினேஸ் அதை நன்றாகவே காணும்.

உணரியின் உண்மையான பயன் நேரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கசடு கழிமுகத்துக்கு வந்ததைப் பார்த்தவர்களுக்கு, மாதிரி எடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மணியும் என்ன விலை என்பது தெரியும். இரண்டு ஓதம் கடந்தபின் பாட்டிலில் சேகரிப்பது வேறு நீர். குப்பத்து இளைஞர்கள் சிலருக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஸ்ட்ரிப்பும், கந்தக அமிலம் சேர்த்த மாதிரி பாட்டிலும், ஐஸ் பெட்டியும் கொடுத்துவிட்டால், ஸ்ட்ரிப் சந்தேகம் காட்டிய நிமிடத்திலேயே அவர்கள் மாதிரியை எடுத்துவிடுவார்கள். எவ்வளவு ஃபீனால் என்பதை ஆய்வகம் சொல்லட்டும்.

கட்டுரையாளர் புகழ்ந்துரைத்த கருவி எந்த நீரில், எவ்வளவு உப்புத்தன்மையில் சோதிக்கப்பட்டது என்பதை அவர் அடுத்த இதழில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
திருவொற்றியூர், சென்னை.