அங்கன்வாடிக்கும் களிமண் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலஸ்தீனக் கிராமத்து மழலையர் பள்ளியில் தன்னார்வலர்கள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து காகிதம் வெட்டி ஒட்டச் சொல்லித்தருவதைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. மேற்குக் கரையில் ஹெப்ரானுக்குத் தெற்கே மசாஃபர் யாட்டா என்ற சிற்றூர்கள் இருக்கின்றன. ராணுவப் பயிற்சி நிலம் என்று சொல்லி அங்குள்ளவர்களை வெளியேற்ற 2022 மே மாதம் இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே வழிவிட்டது. நாளைக்கு வீடு இருக்குமா என்று தெரியாத மண்ணில் ஒரு பிள்ளை பசையும் வண்ணமுமாக அரை மணி நேரம் தன்னை மறந்து உட்கார்ந்திருப்பது சின்ன விஷயமே இல்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1975-ல் தொடங்கிய திட்டம் அங்கன்வாடி. முட்டை, சத்துமாவு, எடை பார்ப்பது, பதிவேடு என்று அந்தப் பணியாளரும் உதவியாளரும் எவ்வளவுதான் செய்வார்கள்? கொலு பொம்மைக்குப் பேர்போன எங்கள் விளாச்சேரியில், தெருப் பாட்டி ஒருவர் களிமண் உருண்டையோடு அங்கன்வாடிக்குப் போனார். மூன்று வயசுப் பொடியன் கிளிக்கு மூக்கு வராமல் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, வந்ததும் யாரிடமும் தரமாட்டேன் என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

கிராமங்களுக்கு முகாம் வரும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாமே. முனை மழுங்கிய கத்தரிக்கோலாகப் பார்த்து வாங்கி வாருங்கள், அப்புறம், படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

ஒரு வாசகி,
விளாச்சேரி, மதுரை